பனிக்கரடி தேடி ஸ்வால்பார்டுக்குக் கப்பல் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூலையில் ஸ்வால்பார்ட் தீவுகளைச் சுற்றிப் பத்து நாள் கப்பலில் போய்வந்தேன். ஊர் திரும்பியதிலிருந்து சொந்தக்காரர்கள், நண்பர்கள், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்கள் என்று பலரும் போன் செய்து கேட்டபடி இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவசரமாகப் பதில் சொல்லி வைத்துவிட மனம் வரவில்லை. அதனால் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

அந்த இடம் எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

நார்வேயின் வடகரைக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிற தீவுக்கூட்டம் ஸ்வால்பார்ட். 74 டிகிரியிலிருந்து 81 டிகிரி வட அட்சம் வரை பரந்து கிடக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். அதில்தான் லாங்யேர்பியென் என்ற சிற்றூர் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்துக்காக உருவான ஊர், இப்போது சுமார் 2,500 பேர் வசிக்கிறார்கள். கப்பல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் புறப்படுகின்றன.

சென்னையிலிருந்து வளைகுடா நாடு ஒன்றில் மாறி ஓஸ்லோ, அங்கிருந்து மூன்று மணி நேர விமானம். சில விமானங்கள் வட நார்வே நகரமான ட்ரோம்சோவில் இறங்கி ஏறும். கப்பல் கிளம்பும் நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது போய்ச் சேர்ந்துவிடுங்கள். எங்களோடு வந்த ஒருவரின் பெட்டி வழியில் எங்கோ நின்றுவிட்டது. ஒரு நாள் கையில் இருந்ததால் அது வந்து சேர்ந்தது. இல்லாவிட்டால் பத்து நாளும் இரவல் துணிதான்.

விசா வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தின்படி அந்தத் தீவுகள் நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஆனால் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளின் மக்களுக்கு அங்கே போகவும் தொழில் செய்யவும் சம உரிமை உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த இந்தியாவும் அன்றே அதில் சேர்ந்தது. அதனால் தீவில் இறங்க விசா கேட்பதில்லை.

ஆனால் நார்வே வழியாகத்தானே போயாக வேண்டும்? ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் நார்வே இருக்கிறது, ஸ்வால்பார்ட் அதற்கு வெளியே. போகும்போது ஒரு முறை, திரும்பும்போது இன்னொரு முறை ஷெங்கனுக்குள் நுழைகிறீர்கள். எனவே இரண்டு முறையாவது நுழைய அனுமதிக்கிற ஷெங்கன் விசா வேண்டும். ஒற்றை நுழைவு விசாவோடு போனால் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

எந்த மாதம் நல்லது?

என்ன பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தது. மே, ஜூனில் மலையெல்லாம் வெண்பனி மூடியிருக்கும், கடற்பனியும் தெற்கு வரை இருக்கும். ஆனால் வடக்கும் கிழக்கும் பனியால் அடைபட்டிருப்பதால் தீவுகளை முழுச் சுற்று சுற்ற முடியாது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை வழி திறக்கும், பனி வடக்கே ஒதுங்கும், கப்பல் அதைத் தேடி மேலே ஏறும். செப்டம்பரில் இரவு திரும்பி வந்துவிடும்.

ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கில் வரை லாங்யேர்பியெனில் சூரியன் மறைவதே இல்லை. கேட்கும்போது அழகாக இருக்கும். அனுபவிக்கும்போது தூக்கம் குழம்பிப்போகும். நள்ளிரவு ஒரு மணிக்கு மேல்தளத்தில் நிற்பேன், நம் ஊரில் மாலை நாலு மணி வெயில் போல அடிக்கும். எப்போது தூங்குவது என்று உடம்புக்கே தெரியாது. கண்ணை மறைக்கிற துணிப்பட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிய கப்பலில் போகலாம்?

சிறியதில். பணம் கூடுதலாகும், ஆனாலும் அதைத்தான் சொல்வேன். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிற விதிகளின்படி, இயற்கைக் காப்புப் பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழைய முடியாது. அந்தப் பகுதிகளில் கரையிறங்கவும் 43 இடங்களுக்கு மட்டுமே அனுமதி. கரடி இருக்கிற வடக்கும் கிழக்கும் பெரும்பாலும் காப்புப் பகுதிகள்தான். ஆயிரக்கணக்கானோர் போகிற சொகுசுக் கப்பலில் போனால் மேற்குக் கரையின் ஊரையும் மலையையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நாங்கள் போனது நூறு பேருக்கும் குறைவான கப்பல். எல்லோரும் ஒரே நேரத்தில் தளத்தில் நிற்க இடம் இருந்தது. மாலுமிகள் கப்பலை ஓட்டுகிற அறைக்குள் போய்க் கண்ணாடி வழியே பார்க்கவும் விட்டார்கள்.

கரடியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கழுத்தில் கருவி கட்டியிருக்கிறார்களாமே?

நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தார் சில பெண் கரடிகளுக்குக் கழுத்துப் பட்டை கட்டிச் செயற்கைக்கோள் வழியாகக் கவனிப்பது உண்மை. ஆணுக்குக் கட்ட முடியாது. அதற்குக் கழுத்து தலையைவிடப் பருமன், பட்டை நழுவி விழுந்துவிடும். அந்தத் தகவல் ஆராய்ச்சிக்குத்தான், சுற்றுலாக் கப்பலுக்கு வழிகாட்ட இல்லை.

கப்பலில் நடப்பது வெறும் பார்த்தல். மேல்தளத்தில் பைனாகுலரோடு வழிகாட்டிகள் முறை வைத்து நிற்பார்கள், இரவு பகல் பாராமல். நானும் நின்றேன். முதல் நாள் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெள்ளைக்குள் வெள்ளையை எப்படித் தேடுவது? பக்கத்தில் நின்ற வழிகாட்டி ஒரு விஷயம் சொன்னார்: வெள்ளையைத் தேடாதே, மஞ்சளைத் தேடு. அது உண்மைதான். பனியின் மேல் கரடி வெள்ளையாகத் தெரிவதில்லை, உறைந்த நெய்யின் நிறத்தில் தெரிகிறது. அதன் முடிக்கு நிறமே கிடையாது, ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளை போலத் தோன்றுகிறது. அடியில் இருக்கிற தோல் கறுப்பு.

அப்புறம் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும். சீல் எனும் கடல்நாய் படுத்திருக்கும் பனித்தட்டா? மூச்சு விடச் சீல் மேலே வருகிற துளைகள் உண்டா? தூய வெள்ளை நிறத் தந்தக் கடற்காகங்கள் ஓரிடத்தில் கூடிச் சுற்றுகின்றனவா? கரடி சீலைக் கொன்றால் முதலில் தோலையும் கொழுப்பையும்தான் தின்னும். மிச்சத்துக்குப் பறவைகளும் துருவ நரிகளும் வந்துவிடும். கருடன் வட்டமிடுவதைப் பார்த்து வயலில் என்ன கிடக்கிறது என்று நம் ஊர்க்காரர் ஊகிப்பதில்லையா, அதே கணக்கு.

ஐந்து நாளில் நான் பார்த்த "கரடிகள்" எத்தனையோ. அழுக்குப் பனிக்கட்டி, மஞ்சள் பாசி படிந்த பாறை, தூங்குகிற சீல். ஒவ்வொரு முறையும் கை காட்டினேன். வழிகாட்டி ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பைனாகுலரைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இப்போது நினைத்தால், பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அந்தத் தேடல்தான். நான்கு மணி நேரம் தொடர்ந்து ஒரே திசையைப் பார்த்தபடி நின்றது என் வாழ்க்கையில் வேறு எங்கும் நடந்ததில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. கரடியை உணவு காட்டி ஈர்ப்பதும், துரத்துவதும், தொந்தரவாகும்படி தேடிப் போவதும் ஸ்வால்பார்டில் சட்ட விரோதம். கப்பல் அதன் வழியில் போகிறது, கண்ணில் பட்டால் பார்க்கிறோம், அவ்வளவே.

கண்டிப்பாகப் பார்க்க முடியுமா?

உறுதி சொல்கிற ஏஜென்ட்டை நம்பாதீர்கள். வடக்கே ஒரு வாரத்துக்கு மேல் சுற்றுகிற பயணங்களில் பலருக்கும் கிடைக்கிறது, சிலருக்குக் கிடைப்பதில்லை. மூன்று நாள் பயணத்தில் வாய்ப்பு குறைவு. மூடுபனி இறங்கினால் பக்கத்தில் இருக்கிற மலையே தெரியாது, கரடி எங்கே தெரியும்?

300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டுமாமே, அப்படி என்ன தெரியும்?

இதைத்தான் எல்லோரும் ஏமாற்றமான குரலில் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2025 முதல் கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகி இருக்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். கரடியே நம் பக்கம் வந்தாலும் நாம்தான் பின்வாங்க வேண்டும். வசந்தத்தில் தூரம் ஏன் கூடுதல்? மார்ச், ஏப்ரலில்தான் வளையச் சீல்கள் பனிக்குழிகளில் குட்டி போடும். கரடிக்கு வருடத்தின் முக்கியமான சாப்பாட்டுக் காலம் அதிலிருந்து கோடைத் தொடக்கம் வரைதான். பொந்தில் குட்டி ஈன்ற தாய் மாதக்கணக்கில் பட்டினி கிடந்துவிட்டு அப்போதுதான் வெளியே வருகிறது. அந்த நேரத்தில் ஒரு வேட்டையை நாம் கெடுத்தால் அதற்கு ஈடு செய்ய முடியாது. இன்னொன்று, இவ்வளவு கொழுப்பும் முடியும் போர்த்திய உடம்பு ஓடினால் சீக்கிரம் சூடேறிவிடும். பயந்து ஓடுகிற ஒவ்வொரு ஓட்டமும் அது சேர்த்து வைத்த கொழுப்பைத்தான் கரைக்கிறது.

சரி, என்ன தெரிந்தது? ஐந்தாம் நாள் இரவு பதினொன்றரை மணி. ஹின்லோபன் நீரிணையின் வடக்கு வாயில், மிதக்கும் பனித்தட்டுகளுக்கு நடுவே கப்பல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் சத்தமில்லாத குரலில் ஒரு அறிவிப்பு வந்தது. மேலே ஓடினேன், எல்லோரும் வந்துவிட்டார்கள், யாரும் பேசவில்லை. வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளி. பைனாகுலரில் ஒரு தாய், பக்கத்தில் ஒரு குட்டி.

தாய் படுத்திருந்தது. குட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாயின் முதுகில் ஏறி மறுபக்கம் சறுக்கி விழுந்தது, மறுபடி சுற்றி வந்து ஏறியது. பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் இருந்திருக்கும், ஏழெட்டு மாதத்தில் நல்ல நாய் அளவு வளர்ந்துவிட்டது. ஒரு கட்டத்தில் தாய் எழுந்து மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. நம்மை மோந்ததா, சீலை மோந்ததா, சொல்ல முடியாது. மறுபடி படுத்தது. குட்டி பால் குடித்தது. நாற்பது நிமிடம் கழித்து இரண்டும் எழுந்து பனி விளிம்புக்கு வந்தன. தாய் முதலில் நீரில் இறங்கியது, குட்டி விளிம்பில் நின்று தயங்கி, கடைசியில் தொப்பென்று குதித்தது. இரண்டு தலைகள் நீரில் கோடு கிழித்தபடி போயின.

இதில் எதுவும் பக்கத்தில் போயிருந்தால் நடந்திருக்காது. நெருங்கினால் நாம் பார்ப்பது நம்மைப் பார்க்கிற கரடியை மட்டும்தான். தள்ளி நின்றதால் அது தன் வீட்டில் இருப்பது போல இருந்தது. தூரம் வேண்டும் என்ற விதியை முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

வழிகாட்டிகள் துப்பாக்கி வைத்திருக்கிறார்களே, ஆபத்தா?

ஆபத்து உண்டு. ஆண் கரடி 350 முதல் 600 கிலோ வரை இருக்கும், மனிதனைவிட வேகமாக ஓடும். லாங்யேர்பியெனை விட்டு வெளியே போகிற எவரும் கரடியைப் பயமுறுத்தி விரட்டும் கருவி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கியும் எடுத்துச் செல்லும்படி ஆளுநர் அலுவலகம் பரிந்துரைக்கிறது. 2020 ஆகஸ்டில் ஊருக்கு அருகே கூடாரம் போட்டுத் தங்கியிருந்த ஒருவரைக் கரடி கொன்றது.

கப்பலில் நடைமுறை கடுமையாக இருக்கும். பயணிகளுக்கு முன்னால் வழிகாட்டிகள் ரப்பர் படகில் போய் இறங்குவார்கள். மேட்டில் ஏறி எல்லாத் திசையும் பார்ப்பார்கள். ஆளுக்கொரு பக்கம் காவல் நின்ற பிறகுதான் நம்மைக் கூப்பிடுவார்கள். அவர்கள் வளையத்தை விட்டு ஒரு அடி வெளியே போகக் கூடாது. மூடுபனி வந்தாலும் தூரத்தில் கரடி தெரிந்தாலும் உடனே படகு. எங்களுக்கு ஒரு நாள் இறங்கிய இருபதாவது நிமிடத்தில் திரும்பச் சொன்னார்கள், பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு கரடி.

முணுமுணுத்தவர்களிடம் தலைமை வழிகாட்டி 2018 ஜூலையில் நடந்ததைச் சொன்னார். வடக்கே சுயோயானெ என்ற ஏழு தீவுகளில், பயணிகள் இறங்குவதற்கு முன் இடத்தைச் சோதிக்கப் போன காவலர் ஒருவரைக் கரடி தாக்கியது. காவலர் பிழைத்தார், கரடி சுட்டுக் கொல்லப்பட்டது. துப்பாக்கி எடுக்க வேண்டி வந்தால் அன்றைக்கு நாங்கள் தோற்றோம் என்று அர்த்தம் என்றார் அவர். அதற்குப் பிறகு ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

மொத்தம் எத்தனை கரடிகள் இருக்கின்றன? அழிந்துவருகின்றனவா?

உலகம் முழுவதும் சுமார் 26,000 என்பது 2015-இல் சொல்லப்பட்ட மதிப்பீடு. ஸ்வால்பார்டும் ரஷ்யாவின் ஃபிரான்ஸ் ஜோசப் நிலமும் சேர்ந்த பேரன்ட்ஸ் கடல் பகுதியில் 2004 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2,650. இவற்றில் ஸ்வால்பார்ட் தீவுகளிலேயே வருடம் முழுவதும் தங்குபவை சில நூறுதான், மற்றவை பனியோடு போய்ப் பனியோடு வருகின்றன.

வேட்டையால் ஒரு காலத்தில் மிகவும் குறைந்துபோயின. இரை வைத்த பெட்டிக்குள் துப்பாக்கியைப் பொருத்தி, கரடி தலையை நுழைத்து இழுத்ததும் வெடிக்கும்படி பொறி செய்வார்களாம். தாய் விழும், குட்டி அங்கேயே நிற்கும். 1973-இல் ஸ்வால்பார்டில் கரடிக்கு முழுப் பாதுகாப்பு வந்தது. அதே ஆண்டு கனடா, டென்மார்க், நார்வே, சோவியத் ஒன்றியம், அமெரிக்கா ஐந்தும் ஓஸ்லோவில் ஒப்பந்தம் செய்தன. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இந்த ஒரு விலங்குக்காக அவை ஒன்றாக உட்கார்ந்தது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகப் படுகிறது.

இப்போதைய ஆபத்து துப்பாக்கி இல்லை, பனி இல்லாமல் போவது. ஆர்க்டிக் கடற்பனி செப்டம்பரில்தான் மிகக் குறைவாக இருக்கும். அந்தக் குறைந்த அளவே 1979-இல் 70 லட்சம் சதுர கி.மீ.-ஐ ஒட்டி இருந்தது, 2012-இல் சுமார் 34 லட்சமாக இறங்கியது. சீல் பிடிக்கப் பனி வேண்டும். கரையில் மாட்டிக்கொண்ட கரடிகள் பறவை முட்டையையும் கலைமானையும் நாடுகின்றன. 2020 ஆகஸ்டில் தெற்கே ஹோர்ன்சுண்ட் ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல்தான் ஃபியோர்டு) ஒரு கரடி கலைமானைக் கடலுக்குள் துரத்திக் கொன்றதைப் போலந்து ஆய்வு நிலையத்தில் இருந்தவர்கள் படம் பிடித்தார்கள். ஆனால் ஒரு சீலின் கொழுப்புக்கு முட்டை எத்தனை ஈடாகும்?

நீங்கள் கப்பலில் போவதே பனியை உருக்காதா?

நியாயமான கேள்வி. விமானமும் கப்பலும் எரித்த எண்ணெயில் என் பங்கு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கிளம்பும் முன்பே இதை நினைத்துத் தயங்கினேன். பிறகு, வாழ்நாளில் ஒரே முறை, நீண்ட நாள், சிறிய கப்பல் என்று முடிவு செய்துகொண்டேன். 2022 முதல் ஸ்வால்பார்ட் கடற்பகுதியில் கனரக எரியெண்ணெய் முழுக்கத் தடை. ஆனாலும் போகாமல் இருப்பதுதான் பனிக்கு நல்லது என்று நீங்கள் முடிவெடுத்தால், அந்த முடிவை மதிக்கிறேன்.

கரடி வராத நாட்களில் என்ன செய்வது?

என்ன இல்லை என்று கேளுங்கள். ஹின்லோபனில் ஆல்கெஃபியெல்லெட் என்ற கரும்பாறைச் சுவர் ஒன்று கடலிலிருந்து செங்குத்தாக எழுகிறது. அதன் ஒவ்வொரு விளிம்பிலும் தடித்த அலகு முர் பறவைகள், பல்லாயிரம் ஜோடிகள். படகில் அடியில் நின்றால் இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. கிழக்கே பிரோஸ்வெல்பிரீன் பனியாற்றின் முகப்பு கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது, அந்தப் பனிச்சுவரிலிருந்து கோடையில் அருவிகள் நேராகக் கடலில் கொட்டுகின்றன. கரையில் நீண்ட தந்தமுள்ள வால்ரஸ் கூட்டம் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். அதன் நாற்றம் பார்வைக்கு முன்னாலேயே வந்துவிடும்.

என்னைக் கட்டிப்போட்ட இடம் நி-ஓலெசுண்ட். 1926-இல் நார்வே துருவப் பயணி அமுண்ட்சென் குழுவினர் ஆகாயக் கப்பலில் வட துருவம் கடக்கக் கிளம்பியபோது அதைக் கட்டுவதற்காக நட்ட கம்பம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்தச் சிறு ஊரில்தான் 2008-இல் தொடங்கிய இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. பக்கத்துக் கோங்ஸ்ஃபியோர்டின் அடியில் 2014-இல் இந்தியா நிறுத்திய கடல் அளவீட்டுக் கருவித்தொகுப்பை உருவாக்கியதில் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பங்கு உண்டு. சென்னையின் சதுப்பு நிலத்தை ஒட்டி உட்கார்ந்து யாரோ வடிவமைத்தது இந்தக் குளிர்நீரின் உப்பையும் சூட்டையும் அளந்தது என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

பெங்குவின் பார்த்தீர்களா?

எங்கள் அத்தை கேட்ட முதல் கேள்வி இதுதான். இல்லை. பெங்குவின்கள் தென்துருவப் பக்கம், பனிக்கரடி வடக்கு.

குளிர் தாங்குமா? என்ன உடுப்பு?

ஜூலையில் லாங்யேர்பியெனில் சராசரி 7 டிகிரி செல்சியஸ், ஊட்டியின் குளிர்கால இரவு போலத்தான். படகில் காற்றடிக்கும்போதுதான் கடிக்கும். ஒரே தடித்த கோட்டைவிட மூன்று நான்கு அடுக்கு நல்லது: உடம்பை ஒட்டிக் கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத கோட்டும் பேண்ட்டும். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. கையுறை இரண்டு ஜோடி. முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் பல கப்பல்களில் அவர்களே தருகிறார்கள். கரையிறங்கும் முன்னும் பின்னும் அதைத் தேய்த்துக் கழுவச் சொல்வார்கள், விதையோ பறவைக் காய்ச்சல் கிருமியோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். நடுக்கடலில் போய்க் கேட்டால் சமையல்காரரால் என்ன செய்ய முடியும்? ரொட்டி, சூப், காய்கறி, பாஸ்தா என்று வரும். ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப் போனேன். ஏழாம் நாள் அந்தப் பொடி மேஜையில் எல்லோருக்கும் சுற்றி வந்தது.

கடல் மயக்கம்?

ஃபியோர்டுகளுக்குள்ளும் பனிக்கு நடுவிலும் கடல் குளம் மாதிரி இருக்கும். திறந்த கடலைக் கடக்கும்போது ஆட்டம் உண்டு. மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு, குமட்டல் தொடங்கும் முன்பே போடுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறை கேளுங்கள்.

வயதானவர்கள் போகலாமா?

எங்கள் கப்பலில் எழுபதைத் தாண்டியவர்கள் பலர். படகில் ஏறி இறங்கத் தெம்பு வேண்டும், முழங்கால் வலி இருந்தால் யோசியுங்கள். லாங்யேர்பியெனில் இருப்பது சிறிய மருத்துவமனை, பெரிய சிகிச்சைக்கு ட்ரோம்சோவுக்குத்தான் விமானத்தில் கொண்டுபோக வேண்டும். ஆகவே மீட்புச் செலவையும் சேர்த்த காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

போனும் கேமராவும்?

ஊர்களை விட்டால் சிக்னல் கிடையாது. நி-ஓலெசுண்டில் வைஃபையும் புளூடூத்தும் அணைத்துவிட வேண்டும், அங்கிருக்கிற ஆய்வுக் கருவிகளுக்கு இடைஞ்சல். ட்ரோனைக் கொண்டுபோகாதீர்கள், காப்புப் பகுதிகளில் தடை.

கேமராவுக்கு 400 மி.மீ.க்குக் குறையாத லென்ஸ் வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், இரண்டாவதை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். லென்ஸ் வாங்கப் பணம் இல்லையென்றால் கவலை வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல பைனாகுலர் வாங்குங்கள். அந்த நாற்பது நிமிடத்தில் நான் முதல் பத்து நிமிடம் மட்டும் படம் எடுத்தேன். குட்டி சறுக்கி விழுந்ததும், விளிம்பில் தயங்கியதும் என் எந்தப் படத்திலும் இல்லை.